இடுப்பில் ஓர் அரிசிப் பை

நான் இளைத்துவிட்டேன். அதை மறைத்தேன். மறைத்ததோடு நில்லாமல், என்னை நம்பிய ஒருத்தியின் முயற்சியையும் கெடுத்தேன்.

சிரிக்கிறீர்களா? பருத்ததை மறைப்பவர்கள் உண்டு, இளைத்ததை யாராவது மறைப்பார்களா என்று கேட்பீர்கள். நான் மறைத்தேன்...

கருமத்தம்பட்டியில் எங்களுக்குத் தறிப்பட்டறை. கணவர் பொழுதெல்லாம் அங்கேதான். மகள் கல்யாணமாகி வெளிநாட்டில். தறிச் சத்தம் ஓயாத வீட்டில் என்னோடு பேச ஆளில்லை. அப்போதுதான் எடை குறைக்கும் பெண்களுக்கான வாட்ஸ்அப் குழு ஒன்றில் சேர்ந்தேன். நடத்தியவள் சரவணம்பட்டியில் ஐடி வேலை பார்க்கும் ரேவதி. ஞாயிறுதோறும் எடை மிஷினில் ஏறி, பாதமும் எண்ணும் தெரியும்படி படம் போட வேண்டும். இலக்கை எட்டியவர் விடைபெற்றுக்கொள்ள வேண்டும். புதியவருக்கு இடம் வேண்டுமல்லவா!

கண் விழித்தால், "அக்கா, நடக்கப் போனீங்களா?" என்று கேட்டார்கள். மதியம் தட்டைப் படமெடுத்துப் போட்டால், "சோத்தைக் கொஞ்சம் கம்மி பண்ணுங்கக்கா" என்று உரிமையோடு கடிந்தார்கள். அதற்குமுன் என் தட்டை யார் பார்த்தார்கள்? அந்த அக்கறையில்தான் இளைத்தேன்.

இலக்கு நெருங்கியதும் பயம் வந்தது. ஒரு ஞாயிறு, ஐந்து கிலோ அரிசிப் பையைப் பிள்ளையைப்போல் இடுப்பில் வைத்துக்கொண்டு மிஷினில் ஏறினேன். படத்தில் பாதம் மட்டும்தானே தெரியும்! பின்னர் அது போதாமல் பத்து கிலோ பை. இதனால் யாருக்கு என்ன நட்டம் என்றுதான் நினைத்தேன்.

குழுவில் சுமதி என்று ஒருத்தி. உக்கடத்தில் தையற்கடை வைத்திருப்பவள். அவளுக்குக் குடலிறக்கம். எடை குறைந்தால்தான் ஆபரேஷன் என்று டாக்டர் சொல்லிவிட்டார். அவளுக்கு எடை மெதுவாகத்தான் இறங்கியது. ஒருநாள் என்னைத் தனியாகப் போனில் அழைத்தாள்.

"ஏனுங்கக்கா, எல்லாரும் எளச்சுப் போறாங்க. நீங்களும் நானுந்தான் அப்படியே கெடக்கறோம். இதெல்லாம் பண்ணி என்னங்க ஆகப்போவுது?"

நான் இளைத்துவிட்டேன், நீயும் இளைப்பாய் என்று ஒரு சொல் சொன்னால் போதும். வாய் வரவில்லையா? வந்தது! ஆனால் வந்த சொல் வேறு.

"நம்ம ஒடம்பு வாகே அப்படித்தான் கண்ணு. என்ன பண்றது?"

"அப்படித்தானுங்க இருக்கும்" என்றாள். அவள் குரலில் இருந்த நிம்மதி... அதைத்தான் என்னால் மறக்க முடியவில்லை.

மறுநாளே நடப்பதை நிறுத்தினாள். ரேவதி கேட்டால், "அக்காவுக்கே எறங்கலீங்க" என்பாள். நான் படித்துவிட்டுப் பேசாமல் இருந்தேன். ஆபரேஷன் தள்ளிக்கொண்டே போயிற்று. போன மாதம் குடல் சிக்கிக்கொண்டது. நள்ளிரவில் தூக்கிக்கொண்டு ஓடி, அவசரமாக வயிற்றைக் கிழித்தார்கள். பிழைத்தாள். இன்னும் தையல் மிஷினில் உட்கார முடியவில்லை.

நேற்றுப் படுத்தபடியே பேசினாள்.

"ஒரு நா ஊட்டுக்கு வந்துட்டுப் போங்கக்கா. எல்லாரும் என்னையத்தான் கொறை சொல்றாங்க. உங்களுக்கு மட்டுந்தானுங்க எங்கஷ்டம் தெரியும்."

"வாரேன் கண்ணு" என்றேன். எப்படிப் போவேன்? வாசலில் நின்றாலே என் உடம்பு காட்டிக்கொடுத்துவிடுமே! குழுவில் உண்மையைச் சொல்லலாம் என்கிறீர்களா? சொன்னால் நாளைக் காலை என்னை யார் கேட்பார்கள்? இப்போதும் என்னைப் பற்றித்தான் யோசிக்கிறேன், பாருங்கள்...

இன்று ஞாயிறு. பையைத் தூக்கிக்கொண்டு ஏறினேன். படம் போட்டேன்.

முதல் பதில் சுமதியிடமிருந்து வந்தது. "மனசை உடாதீங்கக்கா. நானிருக்கேன்."