அக்காவின் கம்ப்யூட்டரில் தம்பையா ரோடு

மேற்கு மாம்பலத்தில் என் அக்கா தனியாக இருக்கும் வீடு ஒரே ஒரு அறையும் சமையலறையும்தான். அந்த அறையில் பாதியை ஒரு பழைய கம்ப்யூட்டர் பிடித்துக்கொண்டிருக்கிறது. இருபது வருடங்களுக்கு மேலாக அதில்தான் அவள் கல்யாணப் பத்திரிகைகள் அடித்தாள். பெண் வீட்டுக்காரர்களே தாளில் எழுதி எடுத்துக்கொண்டு வருவார்கள். அக்கா டைப் செய்து, மேலே பிள்ளையார் படம் வைத்து, அச்சகத்துக்கு அனுப்புவாள். கண்ணில் கோளாறு வந்ததும் வேலையை விட்டுவிட்டாள். ஆனாலும் தினமும் காலையில் கம்ப்யூட்டரைப் போட்டு, பழைய பத்திரிகை இரண்டு மூன்றையாவது திறந்து பார்க்காமல் இருக்கமாட்டாள்.

போன மாதம் ஒரு நாள் காலையில் போன் செய்தாள்.

"கரண்டு போய் வந்துச்சுடா. அப்புறம் பாத்தா எல்லாம் பூசணிக்கா சைசுல பெரிசு பெரிசா கீது. ஒண்ணும் கண்டுபிடிக்க முடியல."

அடையாற்றிலிருந்து பஸ் பிடித்து, தி.நகரில் இறங்கி, கூட்டத்தோடு ரயில்வே பாலம் ஏறி இறங்கிப் போனேன். அவள் சொன்னது சரிதான். ஒவ்வொரு ஃபோல்டரும் உள்ளங்கை அகலத்துக்கு இருந்தது. திரையில் எட்டுக்கு மேல் அடங்கவில்லை. எனக்கு இது தெரிந்த சங்கதி. மெனுவில் போய் எல்லாவற்றையும் பட்டியலாக மாற்றினேன். பெயர் வரிசையில் அடுக்கினேன். 'எல்லா ஃபோல்டருக்கும் இதே மாதிரி' என்றொரு பட்டன் இருக்கும், அதையும் அழுத்தினேன். அக்கா காபி கலந்து எடுத்து வருவதற்குள் வேலை முடிந்துவிட்டது.

அவள் குனிந்து திரையைப் பார்த்தாள். வெகுநேரம் பார்த்தாள்.

"என் தெருவெல்லாம் எங்கடா?"

எனக்குப் புரியவில்லை. அவள் சொல்லச் சொல்லத்தான் நான் செய்த காரியம் தெரிந்தது. அத்தனை ஃபோல்டரையும் அவள் கையால் இழுத்து இழுத்து வைத்திருந்தாளாம். திரையின் வலது ஓரம் மாம்பலம் ஸ்டேஷன். அங்கிருந்து இடது பக்கமாக ஒரு வரிசை போனால் ஆரிய கவுடா ரோடு. இன்னொரு வரிசை தம்பையா ரோடு. இடது மேல் மூலையில் வடபழனி. பத்திரிகை அடித்த வீடு எங்கே இருக்கிறதோ அதன் ஃபோல்டரும் அங்கே. அதே வீட்டில் இரண்டாவது கல்யாணம் நடந்தால் ஒட்டினாற்போல் இன்னொன்று. எழுத்து மங்கலாகத் தெரிந்தாலும் இடத்தை வைத்துக் கண்டுபிடித்துவிடுவாள்.

அவசரமாகப் பழையபடி மாற்றினேன். அளவு சின்னதாக வந்தது. தெருக்கள் வரவில்லை. எல்லாம் பள்ளிக்கூடப் பிள்ளைகள் மாதிரி நேர் வரிசையில் நின்றன. அக்கா டம்ளரை எடுத்துக்கொண்டு உள்ளே போனாள். நாலு வார்த்தை திட்டியிருந்தால் தேவலை என்றிருந்தது.

"அக்கா, வந்து உக்காரு. நீ சொல்லு, நான் வெக்கிறேன்" என்றேன்.

தானாக அடுக்கிக்கொள்ளும் வசதியை நிறுத்திவிட்டு ஒவ்வொன்றாக இழுக்க ஆரம்பித்தேன். நான் பெயரைப் படிப்பேன். அவள் கண்ணை மூடிக்கொண்டு இடம் சொல்வாள். இடத்தோடு மனிதர்களும் வந்தார்கள். மூன்று தடவை தேதி மாற்றிய வீடு. அக்கா தங்கை இருவருக்கும் ஒரே முகூர்த்தம், யார் பேர் முதலில் என்று சண்டை வந்து இரண்டு விதமாக அடித்த வீடு. மகள் பெயரைத் திரையில் பார்த்ததும் அழுத ஒரு அப்பா.

"அந்த வீடு இப்ப இல்ல. இடிச்சு ஃபிளாட் கட்டிட்டாங்க."

"அப்ப எடுத்துடவா?"

"எதுக்கு? அங்கியே இருக்கட்டும்."

மத்தியானம் சாப்பிட்டுவிட்டு மறுபடி உட்கார்ந்தோம். ஆங்கில எழுத்தில் 'தம்பி' என்று ஒரு ஃபோல்டர் வந்தது. தம்பையா ரோடு என்பதைப் பாதியில் விட்டிருக்கிறாள் என்று நினைத்து, கேட்காமலே அந்த வரிசைக்கு இழுத்தேன்.

"அது அங்க இல்ல" என்றாள். "அது நீ. வடபழனில வை, நம்ம பழைய வீட்டுல."

நான் திறந்தேன்.

என் மனைவி சாந்தோம் கடற்கரையில் மீன் விற்கும் கத்தோலிக்கக் குடும்பத்துப் பெண். வடபழனி டிப்போவில் கண்டக்டராக இருந்த எங்கள் அப்பா, ஒரு பத்திரிகைகூட அடிக்கக் கூடாது என்று சொல்லிவிட்டார். ரிஜிஸ்டர் ஆபீசில் எங்கள் பக்கத்திலிருந்து வந்து சாட்சிக் கையெழுத்துப் போட்டவள் அக்கா மட்டும்தான். எங்கள் கல்யாணத்துக்குப் பத்திரிகையே கிடையாது என்றுதான் இத்தனை வருடம் நினைத்திருந்தேன்.

திரையில் எங்கள் இருவர் பெயரும் இருந்தது. இரண்டு அப்பாக்களின் பெயரும் இருந்தது. பிள்ளையார் இருக்க வேண்டிய இடத்தில் வெறும் ஒரு குத்துவிளக்கு. கீழே, பெற்றோர் அழைக்கும் இடத்தில், 'தங்கள் வரவை எதிர்பார்க்கும் மணமகனின் அக்கா' என்று ஒரு வரி.

"ஏன்க்கா காட்டவே இல்ல?"

"அடிக்க முடியாத பத்திரிகையக் காட்டி இன்னா பண்றது? அப்பா இருக்கிற வரைக்கும் வேணாம்னு வெச்சிருந்தேன். அப்பால உங்களுக்குப் புள்ளைங்க பொறந்துச்சு. அப்படியே வுட்டுப்போச்சு."

மனைவிக்குப் போன் செய்து உடனே வரச் சொன்னேன். நாலு மணி வாக்கில் வந்தாள். அவளைப் பார்த்ததும் அக்கா ஏதோ வேலை இருப்பதுபோல் சமையலறைக்குள் போய்விட்டாள். மனைவி நின்றபடியே முழுவதையும் படித்தாள். முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டாள். பிறகு உள்ளே பார்த்துக் கூப்பிட்டாள்.

"அண்ணி, எங்க அப்பா பேருல ஒரு புள்ளி வுட்டுப்போயிருக்கு."

அக்கா வந்தாள். என்னை நாற்காலியிலிருந்து எழுப்பினாள். கண்ணாடியை மாட்டிக்கொண்டு, மூக்கு திரையில் இடிக்கும் அளவுக்குக் குனிந்து, அந்த எழுத்தைத் தேடிப் புள்ளி வைத்தாள். சேமித்தாள்.

"வேற எதுனா தப்பு இருந்தா இப்பவே சொல்லு" என்றாள்.

என் மனைவி ஸ்டூலை இழுத்துப் போட்டு அவள் பக்கத்தில் உட்கார்ந்து, மேலேயிருந்து மறுபடி சத்தமாக வாசிக்க ஆரம்பித்தாள்.