ஆயுத பூஜைக்குக் கழுவிய தரை

கர்நாடக எல்லையில் உள்ள அத்திபெலேயில் நான் குடியிருந்த வீட்டுக்கும் ஒரு தொழிற்சாலைக்கும் நடுவே ஒரு காம்பவுண்டு சுவர்தான். கீழே வீட்டுக்காரர்கள், மாடியில் ஒரு தமிழ்ப் பத்திரிகையின் நிருபராக நான், பின்வரிசையில் நான்கு குடித்தனங்கள். எல்லோருக்கும் ஒரே போர்வெல். வீட்டுக்கார அம்மாவை அக்கா என்றுதான் கூப்பிடுவேன். வாடகைக்கு வருகிறவர்களிடம் முதலில் ஒரு டம்ளர் தண்ணீரை நீட்டுவார். குடித்துப் பார்த்த பிறகுதான் மற்ற பேச்சு.

அக்காவின் கணவர் அந்தத் தொழிற்சாலையில் ஜெனரேட்டர் ஆபரேட்டர். ஆயுத பூஜை அன்று சாயங்காலம் பொரியும் பழமுமாக வந்தவர், அக்காவிடமும் என்னிடமும் சிரிக்கச் சிரிக்கச் சொன்னார்.

"பூஜைக்கு எடம் பண்றோம்னு டீசல் பேரலை நகத்துனானுங்க. மூடி சரியாப் போடல. மொத்தமும் தரையில. ஐயரு வர்ற நேரம், மேனேஜருக்கு வேத்துக் கொட்டுது. சோப்புத்தூளைப் போட்டு பைப்பைப் புடிச்சு அடிச்சேன் பாரு, தரை பளிங்கு மாதிரி ஆயிடுச்சு."

"அந்தத் தண்ணி எங்க போச்சு?" என்றார் அக்கா.

"மழைத்தண்ணிக் குழிக்குத்தான். வேற எங்க போவும்?"

அந்தக் குழியை நான் பார்த்திருக்கிறேன். கட்டட அனுமதிக்காக, வற்றிப்போன பழைய போர்வெல்லைச் சுற்றி வெட்டி ஜல்லி கொட்டியது. விழுகிற நீரை நேராக நிலத்தடிக்கு இறக்கும். எண்ணெய் கொட்டினால் உடனே தெரிவிக்க வேண்டிய மாசுக் கட்டுப்பாட்டு வாரியத்தின் எண், தொழிற்சாலை கேட்டிலேயே பலகையில் இருந்தது. பூஜையில் எல்லாவற்றுக்கும் வைத்ததுபோல் அதற்கும் சந்தனமும் குங்குமமும் வைத்திருந்தார்கள்.

தீபாவளிக்குள் தண்ணீர் நாறியது. வாளியின் மேல் பல நிறத்தில் ஓர் ஏடு மிதந்தது. பின்வரிசைக் குழந்தை ஒன்றுக்கு உடம்பெல்லாம் தடிப்பு. கணவர், "பைப்பு பழசு, அதான்" என்றார். அக்கா கேட்டுக்குப் போய், பலகையில் காய்ந்திருந்த சந்தனத்தைச் சுரண்டி எண்ணைப் பார்த்து, அங்கே நின்றபடியே போன் செய்தார்.

வாரிய அதிகாரி வந்தார். தொழிற்சாலையில் தரை சுத்தம், குழியில் புது ஜல்லி. எங்கள் வாசலுக்கு வந்து போர்வெல் தண்ணீரை பாட்டிலில் பிடித்துக்கொண்டார். பிறகு மேனேஜரையும் அக்காவின் கணவரையும் அங்கேயே வரவழைத்தார்.

"டீசல் கொட்டிச்சாப்பா?"

மேனேஜர் செல்போனைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

"இல்ல சார்" என்றார் கணவர்.

"நீதான் சொன்னேன்னு உன் ஹெண்ட்தி, உன் சம்சாரம், சொல்றாங்களே?"

"டிவி பாத்துட்டு ஏதாவது பேசும் சார். படிப்பு கம்மி."

கணவர் சொன்னதை நானும் கேட்டேன் என்று அதிகாரியிடம் சொன்னேன்.

"கேட்டது சரி. பாத்தீங்களா?" என்றார் அதிகாரி. நான் பார்க்கவில்லை.

தண்ணீர் கெட்டது என்று முடிவு வந்தது. எதனால் என்று தெரியவில்லையாம். வீட்டு மோட்டாரிலேயே ஆயில் கசிந்திருக்கலாமாம். போர்வெல் குழாயில் 'குடிக்கத் தகுந்ததல்ல' என்று சிவப்புப் பெயிண்டில் கன்னடத்தில் எழுதிவிட்டுப் போனார்கள். நான் கொடுத்த செய்தி ஒரே பத்தியாக வந்தது. அதில் தொழிற்சாலை இல்லை.

"கம்ப்ளைண்ட் பண்றேன்னு கெளம்பி நம்ம தண்ணிக்கே சமாதி கட்டிட்டா மகராசி" என்று பின்வரிசைப் பெண் அக்காவின் காதுபடவே சொன்னாள். இரண்டு குடித்தனங்கள் காலி செய்தன. வீடு பார்க்க வந்தவர்கள் சிவப்பு எழுத்தைப் படித்துவிட்டுத் திரும்பினார்கள். தொழிற்சாலையிலிருந்து கணவருக்கு மட்டும் தினமும் ஒரு கேன் தண்ணீர் கொடுத்தனுப்பினார்கள். அதை அவர் தோளில் வைத்து, எல்லோரும் பார்க்க, தெருவழியாகக் கொண்டுவந்தார்.

ஒரு ஞாயிற்றுக்கிழமை அக்கா என்னைச் சாப்பிடக் கூப்பிட்டார். அடுப்பில் இரண்டு குக்கர் இருந்தன. எனக்கு ஒன்றிலிருந்து, கணவருக்கு மற்றதிலிருந்து. அவர் தட்டிலிருந்து வந்த வாடை எனக்கே எட்டியது. முதல் வாயிலேயே நிமிர்ந்தார்.

"என்னடி இது?"

"நம்ம போர் தண்ணிதான். கொட்டலன்னு சொன்னீங்கல்ல, அப்ப சாப்புடுங்க. கொட்டிச்சின்னா சொல்லுங்க, இப்பவே அந்த ஆபீசருக்குப் போன் போடறேன்."

அவர் என்னைப் பார்த்தார். நான் சாப்பிட்டுக்கொண்டிருந்தேன். ரசத்தை நிறைய ஊற்றிப் பிசைந்து, மூச்சை அடக்கி, தட்டைக் காலி செய்தார். அக்கா அதே குக்கரிலிருந்து இன்னொரு கரண்டி வைத்தார்.