நான் தனியாகக் கேட்ட செய்தி

எனக்குப் பதினாறு வயதாகும் வரை டாக்டரின் கேள்விகளுக்கெல்லாம் அம்மாதான் பதில் சொன்னார். மூச்சு வாங்குகிறதா, மயக்கம் வந்ததா என்று டாக்டர் என்னைப் பார்த்துத்தான் கேட்பார். நான் வாயைத் திறப்பதற்குள் அம்மா சொல்லி முடித்திருப்பார். எனக்கும் அது வசதியாக இருந்தது. ஃபோனைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருப்பேன்.

பிறக்கும்போதே என் இதயத்தில் கோளாறு. இரண்டு வயதில் கோலாலம்பூரில் நெஞ்சைத் திறந்து ஆப்பரேஷன் செய்தார்கள். "ஓட்டை இருந்துச்சு, அடைச்சாச்சு" என்று அம்மா சொல்வார். அதற்கு மேல் நானும் கேட்டதில்லை. நான் பள்ளிக்கூடம் சேர்வதற்கு முன்பே அப்பா பிரிந்து போய்விட்டார். ஜெலுத்தோங்கில் ஓர் அடுக்குமாடி வீட்டில் நாங்கள் இருவர் மட்டும். அம்மாவுக்குப் பாயான் லெப்பாஸில் தொழிற்சாலை வேலை.

எனக்குப் பதினாறு வயதான வருடம் குழந்தைகள் இதயக் கிளினிக்கில் புதிதாக வந்திருந்த நர்ஸ் அம்மாவிடம், "அக்கா, நீங்க கொஞ்ச நேரம் வெளியில உட்காருங்க" என்றார்.

அம்மா எழுந்திருக்கவில்லை. "நான் இருந்தா என்ன மிஸ்ஸி? அவளுக்கு ஒண்ணும் தெரியாது லா."

"அதனாலதான்க்கா சொல்றேன்."

அம்மா போனதும் நர்ஸ் என்னைக் கேட்டார்: "உனக்கு என்ன ஆப்பரேஷன் செஞ்சாங்க?"

"ஓட்டைய அடைச்சாங்க."

அவர் ஒரு தாளில் இதயத்தை வரைந்தார். ஓட்டை மட்டுமல்ல, நுரையீரலுக்கு ரத்தம் போகும் வழியும் குறுகலாக இருந்ததாம். ஆப்பரேஷனில் அதை அகலப்படுத்தியதில் அங்கிருந்த வால்வு சரியாக மூடுவதில்லை. ரத்தம் திரும்பிக் கசிகிறது.

"அப்ப எனக்கு இன்னும் குணமாகலையா?"

"நல்லாத்தான் இருக்க. ஆனா ஆயுசுக்கும் பார்த்துக்கிட்டே இருக்கணும். பதினெட்டு ஆனா பெரியவங்க கிளினிக். அங்க அம்மாவைக் கேக்க மாட்டாங்க. உன்னைத்தான் கேப்பாங்க."

திரும்பும்போது காரில் கேட்டேன். "ஏம்மா என்கிட்ட சொல்லல?"

அம்மா சாலையைவிட்டுக் கண்ணை எடுக்கவில்லை. "சொல்லியிருந்தா நீ ஓடி விளையாடியிருப்பியா?"

இரண்டு நாள் நான் அவரோடு பேசவில்லை.

அடுத்த இரண்டு வருடம், போகும்போதெல்லாம் அந்த நர்ஸ் ஏதாவது ஒன்றை என்னையே செய்ய வைத்தார். மாத்திரையின் பெயரைச் சொல்ல வேண்டும். பல் பிடுங்குவதற்கு முன்னால் பல் டாக்டரிடம் இதயத்தைப் பற்றிச் சொல்ல வேண்டும். என்றாவது பிள்ளை பெற நினைத்தால் முதலில் இதய டாக்டரைக் கேட்க வேண்டும் என்றபோது வெட்கத்தில் தலை குனிந்துகொண்டேன். அப்பாயின்மென்ட்டை மாற்ற நானே ஃபோன் செய்தபோது மலாயில் திக்கி, இரண்டு முறை பாதியில் வைத்துவிட்டேன். மூன்றாவது முறை பேசி முடித்தேன்.

பெரியவர்கள் கிளினிக்கில் எல்லாருக்கும் நரைத்த தலை. ஒரு மலாய்ப் பெரியவர், யாரைக் கூட்டி வந்திருக்கிறாய் என்று கேட்டார். எனக்குத்தான் என்றேன். அவர் வேறொன்றும் கேட்காமல் பக்கத்து நாற்காலியில் இருந்த தன் பையை எடுத்து மடியில் வைத்துக்கொண்டார்.

பத்தொன்பது வயதில் ஸ்கேன் முடிவைக் கேட்கப் போன அன்று, நானே பார்த்துக்கொள்கிறேன் என்று அம்மாவை வேலைக்கு அனுப்பியிருந்தேன். இதயத்தின் வலது பக்கம் பெரிதாகிக்கொண்டே போகிறது, வால்வை மாற்றிவிட வேண்டும் என்றார் டாக்டர். மறுபடி நெஞ்சைத் திறப்பார்களா, தள்ளிப்போட்டால் என்ன ஆகும், எப்போது காலேஜுக்குத் திரும்பலாம் என்று கேட்டு, அவர் சொன்னதை ஃபோனில் தட்டிக்கொண்டேன். திறந்துதான் செய்ய வேண்டும் என்பதைத் தனி வரியாகத் தட்டினேன்.

பஸ் பிடித்து வீட்டுக்கு வந்து, சோறு வைத்து, முட்டை பொரித்தேன். அம்மா கதவைத் திறந்ததுமே, "டாக்டர் என்ன சொன்னாரு?" என்றார்.

"கை கால் கழுவிட்டு வாங்கம்மா."

உட்கார வைத்துச் சொன்னேன். எதையும் மறைக்கவில்லை.

"டாக்டர் சொல்றப்ப உன்கூட யாரு இருந்தா?"

"யாரும் இல்லம்மா."

அதற்குத்தான் அழுதார். ஆப்பரேஷனுக்கு அல்ல. அவர் கையைப் பிடித்துக்கொண்டேன்.

நான்கு மாதம் கழித்துக் கோலாலம்பூர் ஆஸ்பத்திரியில் சம்மதப் படிவத்தைக் கொண்டு வந்தார்கள். அம்மாவின் கை பேனாவுக்கு நீண்டு, பாதியில் நின்றது. நான் கையெழுத்துப் போட்டேன்.

ஆப்பரேஷன் நல்லபடியாக முடிந்தது. காலேஜில் ஒரு தவணைப் படிப்பு விட்டுப்போனது. புது வால்வும் ஒருநாள் தேயும் என்று டாக்டர் சொன்னதை, கொம்தார் கட்டடத்தைத் தாண்டி வீட்டுக்கு வரும்போது அம்மாவிடம் சொன்னேன்.

"எப்ப?"

"பத்து வருஷமோ, அதுக்கு மேலயோ. அவங்களுக்கே தெரியாதும்மா."

அம்மா விரல் விட்டு எண்ணினார். "அப்ப நான் ரிட்டையர் ஆயிருப்பேன். முழுசா உன்கூடவே இருக்கலாம்" என்றார்.