முதுகுக்கு ஒரு வசனம்

டப்பிங் கூடத்தில் அவருக்கு முதுகு என்றுதான் பெயர். கேலிக்கு வைத்ததல்ல, தொழில் வைத்தது. திரையில் ஒரு ஆள் முதுகைக் காட்டி நின்றால் உதடு தெரியாது. உதடு தெரியாத இடத்தில் எந்த வசனத்தையும் சொருகலாம். எடுத்து முடித்த படத்தில் சிரிப்பு போதவில்லை என்றால் இயக்குநர்கள் இவரைத்தான் கூப்பிடுவார்கள். நாலு முதுகு கிடைத்தால் போதும், மனிதர் வெளுத்துக்கட்டிவிடுவார்.

ஐம்பதை நெருங்கியும் கல்யாணம் ஆகவில்லை. தையல் கடைக்கு மேலே ஒற்றை அறை, தொண்டைக்கு ஒரு வெந்நீர்க் குடுவை, அவ்வளவுதான் குடும்பம். மைக் முன்னால் நின்றால் வாய் ஓயாது. வெளியே வந்துவிட்டாலோ, பேருந்தில் "கொஞ்சம் தள்ளி உட்காருங்க" என்று சொல்லக்கூட நாக்கு எழாது.

கடைசியாக ஒப்புக்கொண்ட படம் ஒன்றும் பிரமாதமில்லை. வேலைவெட்டி இல்லாத இரண்டு நண்பர்கள், இருவருக்கும் ஒரே பல் டாக்டர் மேல் காதல், நடுநடுவே ஏப்பமும் கிழிந்த கால்சட்டையும். குண்டு நண்பனுக்கு முதுகு குரல் கொடுத்தார். நாயகனுக்கு அவருடைய பல வருடக் கூட்டாளி. தலையில் முடி இல்லாவிட்டாலும் அவரை எல்லோரும் ஹீரோ என்பார்கள்.

பல் டாக்டருக்குக் குரல் கொடுத்த அம்மாள்தான் விஷயமே. வயது நாற்பத்தைந்து, கணவர் போய்ப் பல காலம், குரல் மட்டும் இருபதைத் தாண்டவில்லை. வாய்ப்பு குறைந்துவிட்டதால் இந்தப் படத்தோடு தொழிலை விட்டுவிட்டு வெளியூரில் இருக்கும் அக்கா வீட்டுக்கே போகப்போகிறார் என்று பேச்சு அடிபட்டது. அந்த அம்மாளை முதுகுக்கு ரொம்பப் பிடிக்கும். அது கூட்டாளியைத் தவிர ஒருவருக்கும் தெரியாது.

"இப்பவாவது சொல்லித் தொலைடா," என்றார் ஹீரோ.

"என்னன்னு சொல்றது?"

"அதுக்கும் நான்தான் டப்பிங் பேசணுமா?"

நேரில் பார்க்கவும் வழியில்லை. இப்போதெல்லாம் ஒவ்வொருவரும் தனித்தனியாக வந்து பேசிவிட்டுப் போவதுதான் வழக்கம். முன்னால் வந்தவர் பேசியது பின்னால் வருபவரின் ஹெட்போனில் கேட்கும். படத்தின் கடைசியில் குண்டு நண்பனும் டாக்டரும் நமக்கு முதுகைக் காட்டிக்கொண்டு தண்ணீரைப் பார்த்து நிற்கிறார்கள். அங்கே ஒரு ஏப்பம் வேண்டும் என்றார் இயக்குநர். முதுகு ஏப்பம் விட்டார். பிறகு என்ன வந்ததோ, தன் சொந்தக் குரலில், "அக்கா வீட்டுக்குப் போகாதீங்க. என்கூட இருந்திடுங்களேன்," என்றார்.

"அக்கா யாருய்யா புதுசா?" இயக்குநர் விழுந்து விழுந்து சிரித்தார். "பரவாயில்ல, இருக்கட்டும்."

விஷயத்தைக் கேட்ட ஹீரோ தலையில் அடித்துக்கொண்டார். "மனசைத் திறக்க ஏப்பத்துக்குப் பக்கத்துலயாடா இடம் பார்த்தே?"

மறுநாள் அந்த அம்மாள் வந்து தன் பங்கைப் பேசிவிட்டுப் போனார். என்ன பேசினார் என்று விசாரிக்க முதுகுக்குத் தைரியம் வரவில்லை. போனும் வரவில்லை.

வேலை செய்தவர்களுக்காக ஒரு நாள் மத்தியானம் படத்தைப் போட்டுக் காட்டினார்கள். அந்த அம்மாள் மூன்று வரிசை முன்னால் உட்கார்ந்திருந்தார், பக்கத்து இருக்கையில் கைப்பை. முதுகு படத்தையே பார்க்கவில்லை. அந்த அம்மாளின் பின்தலையைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

கடைசிக் காட்சி வந்தது. ஏப்பத்துக்கு அரங்கம் சிரித்தது. அடுத்து வந்த வசனத்துக்கு இன்னும் சிரித்தது. பிறகு பல் டாக்டரின் முதுகிலிருந்து, இருபது வயதுக் குரலில் அல்ல, நாற்பத்தைந்து வயதுக் குரலில் பதில் வந்தது.

"இதை முகத்தைப் பார்த்துக் கேட்டா என்னவாம்?"

விசில் பறந்தது. பக்கத்தில் உட்கார்ந்திருந்த ஹீரோ விலாவில் இடித்தார். "போடா!"

முதுகு எழுந்தார். இரண்டு பேர் காலை மிதித்து, ஒருவர் மடியில் விழப் பார்த்து, ஒருவழியாக அந்த அம்மாள் முன்னால் போய் நின்றார். திரை வெளிச்சம் அந்த முகத்தில் விழுந்திருந்தது.

"அக்கா வீட்டுக்கு..." என்றார். அதற்கு மேல் காற்றுதான் வந்தது.

"யோவ், உட்காருய்யா!" என்று பின்னாலிருந்து யாரோ கத்தினார்கள்.

அந்த அம்மாள் அவரை நன்றாகப் பார்த்தார். பிறகு கைப்பையை எடுத்து மடியில் வைத்துக்கொண்டார்.

"உட்காருங்க. பின்னாடி இருக்கறவங்களுக்கு மறைக்குது."