அவசரப் பையில் அம்மாவின் சேலை

நான் படிப்பிக்கும் ஹட்டன் பாடசாலையில் நேற்று மண்சரிவுப் பயிற்சி நடந்தது. அவசரப் பையில் என்னென்ன வைக்க வேண்டும் என்று காட்ட வந்த அதிகாரி தன் பையைத் திறந்ததும் அந்துருண்டை வாசம் அடித்தது.

நான் சிறுமியாக இருந்தபோது, தேயிலைத் தோட்டத்தில் நாங்கள் குடியிருந்த லயத்து வீட்டு வரிசைக்கு மேலே மலையில் வெடிப்பு விழுந்திருந்தது. மழை தொடங்கியதும் அம்மா ஒரு பையைக் கட்டிக் கதவருகே மாட்டிவிடுவார். டோர்ச், பிஸ்கட், அப்பாவின் மருந்து. எல்லாவற்றுக்கும் மேலே, அந்துருண்டை போட்டுப் பொலித்தீனில் சுற்றிய அவருடைய கல்யாணப் பட்டு.

பக்கத்து வீட்டு அத்தை சிரிப்பார். "மலை சரிஞ்சா ஓடப்போறியா, கல்யாணத்துக்குப் போறியா?"

"நம்மளத் தங்க வைக்கிற கேம்புல நாலு பேரு பார்ப்பாங்க மதினி. கந்தலோட போய் நின்னா எளக்காரமா நெனைப்பாங்க."

எங்கள் குடும்பத்தில் முதன்முதலாகப் பள்ளிக்கூடப் பரிசு வாங்கியவள் நான். விழாவன்றும் மழை.

"இன்னைக்கு மட்டும் பட்டக் கட்டும்மா."

"வழியில நனைஞ்சிட்டா, ராத்திரி மலை சரிஞ்சா எதக் கட்டிக்கிட்டுப் போறது புள்ள? மழ விடட்டும்."

கொழுந்து பறிக்கக் கட்டும் சேலையோடு வந்தவர் மண்டபத்துக்குள் வரவில்லை. நான் பரிசுக் கிண்ணத்தை உயர்த்திக் காட்டியபோது, ஜன்னலுக்கு வெளியே நின்று, கைதட்ட முடியாமல் குடையை ஆட்டினார். குடையிலிருந்த தண்ணீரெல்லாம் அவர் மேலேயே கொட்டியது.

பயிற்சி முடிந்து அதிகாரி பையை மூடினார். அந்த மலை இன்றுவரை சரியவில்லை. அம்மா போய்விட்டார். அவரை அந்தப் பட்டில் நான் ஒருநாளும் பார்த்ததில்லை.