வால் வண்டி

செருப்பு இரண்டையும் கழற்றி ஜீப்பின் முன்மூடி பொனற்றின் மேல் வைத்துவிட்டு, காற்சட்டைக் கால்களை முழங்கால் வரை சுருட்டிக்கொண்டு, கமலாசனி டொக்டர் சேற்றுக்குள் இறங்குகிறார். இரண்டு அடி வைக்கிறார். நின்று, பெருவிரலை ஊன்றி அழுத்திப் பார்க்கிறார். முன்னால் போன நான்கு ஜீப்புகளும் மேட்டில் ஏறி நின்று ஹோர்ன் அடிக்கின்றன. அவர் நிமிர்ந்தும் பார்ப்பதில்லை. "மேலைதான் களி. கீழை கல்லுக் கிடக்கு. பயப்பிடாதேங்கோ" என்று எனக்குச் சொல்கிறார். நான் இடது பக்க ஆசனத்தில், முன்னால் இருக்கும் இரும்புப் பிடியை இரண்டு கைகளாலும் இறுக்கிக்கொண்டு, பயப்படாதவன்போல உட்கார்ந்திருக்கிறேன்.

சேற்றுக் காலோடேயே ஏறுகிறார். சிவப்புக் குமிழ் வைத்த கியர்க் கம்பியைப் பின்னால் இழுக்கிறார். கையை வெளியே விட்டுக் கதவில் இரண்டு தட்டு. "எழும்பு பிள்ளை, எழும்பு." நாற்பது வயதுப் பழைய லாண்ட் ரோவர் ஒரு முறை முனகிவிட்டு மேட்டைப் பிடிக்கிறது. இவருடைய வண்டி சறுக்குவதே இல்லை என்று எழுதினால் இவரே என்னைத் திட்டுவார். சறுக்கும். சறுக்கும்போது பிரேக்கைத் தொடமாட்டார், அவ்வளவுதான். "அதின்ரை பாட்டிலை விடுங்கோ. இழுத்துப் பிடிச்சால்தான் மாடும் விழும், ஜீப்பும் விழும்" என்பார். இப்படிச் சொல்லும்போது பக்கத்தில் நூறடிப் பள்ளம் இருக்கிறது என்பதை அவர் கவனித்ததாகத் தெரியாது.

மாட்டை ஏன் இழுக்கிறார் என்றால், அவர் மிருக வைத்தியர். பிறந்தது கரவெட்டி. பேராதனையில் படிக்க வந்தவர் அப்படியே கண்டியில் தங்கிவிட்டார். புசல்லாவையிலிருந்து ஹுன்னஸ்கிரிய வரை தோட்டத்துத் தொழிலாளர் லயங்களிலும் கிராமங்களிலும் கன்று போட முடியாமல் தவித்த பசுக்களுக்கெல்லாம் இவருடைய நீண்ட கைதான் உதவியது. உத்தியோகத்துக்கென்று அரசாங்கம் கொடுத்த ஜீப்பைத்தான் இப்போதும் ஓட்டுகிறார். அவர் ஓய்வு பெற்ற வருடமே ஜீப்பையும் கழித்து ஏலத்தில் விட்டார்கள். "ரெண்டு பேருக்கும் ஒண்டாப் பென்சன் குடுத்தாங்கள். பிறகேன் பிரிவான்?" என்று கேட்டு ஏலத்தில் எடுத்தார். குண்டசாலையில் அவருடைய வீட்டு முற்றத்தில் ரோசாச் செடிக்கு நிழல் இல்லை, ஜீப்புக்கு மட்டும் தகரக் கொட்டகை இருக்கிறது.

கலியாணம் செய்யவில்லை. எண்பத்து மூன்றுக் கலவரத்தில் கண்டியின் தமிழ்க் கடைகள் எரிந்தபோது அவர் வாடகைக்கு இருந்த வீட்டையும் கொளுத்தினார்கள். சகோதரங்கள் அகதி முகாமிலிருந்து யாழ்ப்பாணம் போய், அங்கிருந்து கனடா போனார்கள். இவர் முகாமிலிருந்து நேரே கந்தோருக்கு வேலைக்குப் போனார். யாழ்ப்பாணத்துக்கு மாற்றம் தருகிறோம் என்று மேலதிகாரி இரக்கத்தோடு சொன்னாராம். அதற்கு இவர் சொன்ன பதிலை இப்போதும் சிரிக்காமல் சொல்வார்: "எப்பிடிப் போறது சேர்? ஜீப் இஞ்சையெல்லோ நிக்குது."

கண்டியில் ஐந்து வண்டிக்காரர்கள் சேர்ந்த ஒரு கூட்டம் இருக்கிறது. மழை விட்ட வார இறுதிகளில், கைவிடப்பட்ட தோட்டப் பாதைகளையும் மலைத் தடங்களையும் தேடிப் போவார்கள். பிழைப்புக்கு இதில் ஒரு சதமும் இல்லை. சட்டை கிழியும், முதுகு நோகும், திங்கட்கிழமை எல்லோரும் நொண்டிக்கொண்டு வேலைக்குப் போவார்கள். தலைமை வண்டி சாஹுல் ஹமீதுவுடையது. கண்டி நகரில் இரும்புக்கடை வைத்திருப்பவர், கூட்டத்திலேயே புதிய ஜீப்பும் பெரிய குரலும் அவருக்குத்தான். நான்காவது, ஓய்வு பெற்ற வங்கி முகாமையாளர் விஜேகோன். ஐந்தாவது, கடைசி, கமலாசனி டொக்டர். அதை 'வால்' என்பார்கள். வண்டி இல்லாத நான் வாலில் தொற்றிக்கொள்கிறவன்.

இவர்களுக்கு ஒரே ஒரு சட்டம்தான். ஒவ்வொருவரும் தனக்குப் பின்னால் வரும் வண்டிக்குப் பொறுப்பு. பக்கக் கண்ணாடியில் பின்வண்டி தெரியவில்லையா, நின்றுவிட வேண்டும். இவர் நின்றால் இவருக்கு முன்னால் போகிறவரும் நிற்பார், அப்படியே தலை வண்டி வரை. இழுக்கும் கயிறு, சங்கிலி, மண்வெட்டி, மேலதிக எரிபொருள், வரைபடம், திசைகாட்டி எல்லாம் வாலிடம் இருக்கும். யார் புதைந்தாலும் வால் வந்து இழுக்கும். வாலைப் பார்த்துக்கொள்ள விஜேகோன் இருக்கிறார். வால் யாரையும் பார்க்க வேண்டியதில்லை.

அதனாலேயே டொக்டரின் வலது பக்கக் கண்ணாடி எப்போதும் கதவோடு மடிந்து கிடக்கும். பற்றை அடித்து உடைத்துவிடும் என்று மற்றவர்களும் சில இடங்களில் மடிப்பதுண்டு. இவர் கண்டி நெரிசலிலும் திறக்கமாட்டார். ஒருநாள் நான் கேட்டேன். "எனக்குப் பின்னாலை ஆர் வருகினம்? ஒருத்தரும் இல்லை. பிறகு என்னத்தைப் பாக்கிறது? தேவையெண்டால் கழுத்து இருக்குத்தானே" என்றார்.

இந்த வருடம் தை மாதம் பௌத்தர்கள் கும்பிடும் தலதா மாளிகை வாசலில் குண்டு வெடித்தது. அதன் பிறகு கண்டியில் தமிழ் பேசிக்கொண்டு பஸ்ஸில் போவதே தைரியம் என்றாகிவிட்டது. அடையாள அட்டையில் யாழ்ப்பாணத்தில் பிறந்ததாக இருந்தால் இரட்டிப்புத் தைரியம் வேண்டும். ஒரு மாதம், இரண்டு மாதம் என்று பயணங்கள் தள்ளிப் போயின. சித்திரைப் புத்தாண்டு கழிந்த வார இறுதியில் ஹுன்னஸ்கிரியவுக்கு மேலே போவதென்று தீர்மானித்தார்கள். முதல் நாள் மாலை சாஹுல் ஹமீது குண்டசாலைக்கு வந்தார். நானும் அங்கே இருந்தேன். பெரிய குரல்காரர் கதிரை நுனியில் உட்கார்ந்து தேத்தண்ணீரைக் கலக்கிக்கொண்டே இருந்தார்.

"டொக்டர், கோவிச்சிக்கப்படாது. நெலம அப்பிடி இரிக்கி. இந்தத் தரம் நீங்க விஜேகோன் மஹத்தயாட ஜீப்ல ஒக்காந்து வாங்க. ஒங்கட வண்டிய நம்மட கடப் பொடியன் ஒருத்தன் ஓட்டட்டும். செக் பொயின்ட்ல நிப்பாட்டினா கரச்சல்."

டொக்டர் தட்டிலிருந்த புத்தாண்டுப் பலகாரம் கொக்கிசை அவர் பக்கம் நகர்த்தினார்.

"ஹமீது, நான் ஏறினால் ஓட்டுறதுக்கு ஏறுவன். இல்லாட்டி வீட்டிலை இருப்பன். சாமான் மாதிரி என்னை ஏத்தி இறக்கேலாது."

"ஒங்கட நல்லதுக்குத் தானே சொல்றேன்."

"ஓம், தெரியும். அப்ப ஒண்டு செய்வம். என்னை மறிச்சால் நீங்கள் ஒருத்தரும் நிக்க வேண்டாம். போய்க்கொண்டே இருங்கோ. நான் என்ரை பாட்டைப் பாத்துக்கொள்ளுவன்."

ஹமீது சரி என்றும் சொல்லவில்லை, மாட்டேன் என்றும் சொல்லவில்லை. கொக்கிசை எடுத்துக் கடித்தார். அவர் போன பிறகு டொக்டர் வெகுநேரம் ஜீப்பின் அடியில் கிடந்து எதையோ முறுக்கிக்கொண்டிருந்தார். அந்தச் சக்கரத்தை இன்னொருவன் பிடிப்பதைவிடப் பயணத்தையே விட்டுவிடுவார் என்பது எனக்குத் தெரிந்தது. அதைவிட அவர் கேட்காமல் விட்ட கேள்வி ஒன்றும் தெரிந்தது. எல்லோருக்கும் ஆன அந்தச் சட்டம் தனக்கும் ஆனதுதானா?

மறுநாள் காலை வெள்ளைக்கொடிபோலப் பளிச்சென்று விபூதியைப் பூசிக்கொண்டு சக்கரத்தைப் பிடித்தார். ஹுன்னஸ்கிரிய தாண்டி, தேயிலைச் சரிவில் ஒடுங்கிய பாதை பிரியும் இடத்தில் சோதனைச் சாவடி இருந்தது. நான்கு ஜீப்புகளுக்கும் தடைக்கம்பு உயர்ந்தது. டொக்டரின் அடையாள அட்டையைப் பார்த்த சிப்பாய் கம்பை இறக்கினான். அப்போதுதான் எங்கள் புத்திசாலித்தனம் எங்களுக்கே விளங்கியது. அவரைப் பற்றி அத்தனை கவலைப்பட்டோமே, வாலிடம் என்னென்ன இருக்கும் என்பதை ஒருவரும் யோசிக்கவில்லை. யாழ்ப்பாணத்தில் பிறந்த ஒருவருடைய வண்டியில் வரைபடம், திசைகாட்டி, கயிறு, சங்கிலி, கேன் கேனாக எரிபொருள். போதாக்குறைக்கு டொக்டரின் ஊசிப்பெட்டி. ஒவ்வொன்றாக இறக்கி வீதியோரத்தில் பரப்பினார்கள். பார்க்கப் பார்க்க எனக்கே எங்கள் மேல் சந்தேகம் வந்தது.

முன்னால் போன நான்கு வண்டிகளும் வளைவில் மறைந்துவிட்டன. எஞ்சின் சத்தமும் தேய்ந்தது. போகச் சொன்னவரே இவர்தான், போய்விட்டார்கள், அவர்களைக் குறை சொல்ல முடியாது என்று என் மனம் நியாயம் பேசத் தொடங்கிவிட்டது. பொறுப்பாக இருந்த இளம் அதிகாரி மரியாதையாகத்தான் பேசினான். டொக்டரின் சிங்களம் கிராமத்து மாட்டுப் பட்டியில் பழகிய சிங்களம், அவன் இரண்டு முறை சிரிக்கக்கூடச் செய்தான். ஆனாலும் மேலிடத்து உத்தரவாம். வண்டியைத் திருப்பிக்கொண்டு கண்டிக்குப் போகலாம், இதற்கு மேலே விட முடியாது என்றான்.

டொக்டர் பரப்பிக் கிடந்த கயிற்றின் பக்கத்தில் நின்று வளைவைப் பார்த்தார். முகத்தில் ஒன்றும் தெரியவில்லை. பெருவிரல் மட்டும் செருப்புக்குள் தரையை அழுத்திக்கொண்டிருந்தது.

முதலில் சத்தம்தான் கேட்டது. பின்கியரில் கதறும் எஞ்சினின் சத்தம். வளைவில் விஜேகோனின் ஜீப் பின்பக்கமாக வந்தது. அதற்குப் பின் அடுத்தது, அதற்குப் பின் அடுத்தது. திருப்ப இடமில்லாத பாதையில், ஒரு பக்கம் மலையும் மறுபக்கம் பள்ளமுமாக, நான்கு ஜீப்புகளும் கழுத்தை வளைத்துக்கொண்டு பின்பக்கமாகவே இறங்கி வந்தன. மேலே உச்சியில் சாஹுல் ஹமீதுவின் பெரிய குரல், கல் இருக்கிறது, பள்ளம் இருக்கிறது என்று முழு மலைக்கும் அறிவித்துக்கொண்டு வந்தது.

விஜேகோன் இறங்கினார். அதிகாரியிடம் சிங்களத்தில் சொன்னார்: "இது எங்கள் வால். வாலை இங்கே விட்டுவிட்டு மாடு மட்டும் எங்கே போவது?"

நீங்கள் நான்கு பேரும் போகலாம், தடையில்லை என்றான் அதிகாரி. விஜேகோன் தலையாட்டினார், எஞ்சினை நிறுத்தினார், சாவியைச் சட்டைப் பையில் போட்டுக்கொண்டார். மேலே ஒவ்வொரு எஞ்சினாக நின்றது. ஹமீது மூச்சு வாங்க நடந்து வந்து அதிகாரிக்கு சலாம் வைத்தார். பிறகு டொக்டர் கட்டிக்கொண்டு வந்த புட்டுப் பொட்டலத்தைத் தேடி எடுத்து, தடைக்கம்புக்குப் பக்கத்திலேயே குந்திப் பிரித்தார். அதிகாரிக்கும் நீட்டினார். அவன் கை நீட்டவில்லை, கோபிக்கவும் இல்லை. உத்தரவு உத்தரவுதான் என்றான், கொஞ்சம் வெட்கத்தோடு.

"அப்ப எல்லாரும் திரும்பிப் போறோம்" என்றார் ஹமீது, வாயில் புட்டோடு.

"நான் உங்களை நிக்க வேண்டாம் எண்டெல்லோ சொன்னனான்?" டொக்டர் குரலை உயர்த்தினார். கோபமாக்க முயன்றார், சரிவரவில்லை.

"சொன்னீங்க. நான் ஓமெண்டு சொன்னேனா?"

இதை எழுதும்போதும் எனக்கு நெஞ்சு நிமிர்கிறது. கடைகளை எரித்ததும் இந்தக் கண்டிதான், அதை மறைக்க மாட்டேன். ஆனால் அன்று தேயிலைச் சரிவில் பின்பக்கமாக இறங்கி வந்ததும் இந்தக் கண்டிதான். அந்த இடத்தில் யாராவது கேட்டிருந்தால், நானும் கண்டிக்காரன் என்று உரத்துச் சொல்லியிருப்பேன்.

டொக்டர் கண்ணைப் புறங்கையால் துடைத்துக்கொண்டார். "கண்டிக்குப் போய் என்ன செய்யிறது? ரெண்டு நாள் லீவெல்லோ. கீழை கைவிட்ட தோட்டம் ஒண்டு கிடக்கு. அதுக்குள்ளாலை நான் மாடு பாக்கப் போற பாதை ஒண்டு இருந்தது. ஜீப் ஏறும். வாறியளோ?"

சாவடிக்கு முன்னால் மட்டும்தான் வண்டி திருப்ப இடம் இருந்தது. கீழே நின்றது டொக்டரின் வண்டி என்பதால் அதுதான் முதலில் திரும்பியது. பின்னால் விஜேகோன், அப்படியே ஒவ்வொன்றாக. கடைசியாகத் திரும்பியது சாஹுல் ஹமீதுவின் புதிய ஜீப். அவர் இறங்கி வந்து, வீதியில் கிடந்த சேற்றுக் கயிற்றைச் சுருட்டித் தன் வெள்ளைச் சட்டைத் தோளில் போட்டார். "கயிறு வாலுட்ட தானே இரிக்கோணும். இண்டெக்கி நான் தான் வாலு" என்று சொல்லிவிட்டு அதைத் தூக்க முடியாமல் தூக்கிக்கொண்டு போனார். சங்கிலிக்கு இரண்டாம் முறை வந்தார்.

டொக்டர் ஏறி உட்கார்ந்தார். எஞ்சின் உறுமியது. கதவில் தட்டுவதற்கென்று கையை வெளியே விட்டவர் தட்டவில்லை. கதவோடு மடிந்து கிடந்த கண்ணாடியைப் பிடித்து இழுத்தார். துருப்பிடித்த பூட்டு கிறீச்சிட்டுத் திறந்தது. சட்டைக் கையை விரல்வரை இழுத்து அதன் நுனியால் கண்ணாடியின் தூசியை வட்டமாகத் துடைத்தார். இப்படி அப்படித் திருப்பி, நான்கு வண்டிகளும் தெரியும்வரை சரி பார்த்தார்.