மூச்சு பீரியடும் ஒரு ஜன்னலும்

பிள்ளைகளின் மனதைப் பார்த்துக்கொள்வதுதான் என் உத்தியோகம். சாயங்காலம் கையைத் தட்டிவிட்டு, இன்றைக்கு இவ்வளவு முடித்தேன் என்று காட்ட இதில் ஒன்றும் இருக்காது.

விருதுநகரில் பஸ் ஏறி, ஆமத்தூர் தாண்டி, சிவகாசிக்குக் கொஞ்சம் முன்னால் இறங்கினால் எங்கள் தொடக்கப் பள்ளி. ஒரு தொண்டு நிறுவனம் என்னை அங்கே அனுப்பியிருக்கிறது. பிள்ளைகளோடு தினமும் மல்லுக்கட்டும் வாத்தியார்களே, டீச்சர்களே, உங்களுக்குத் தெரியாததா? கணக்கைத் தப்பாகப் போட்டால் சிவப்பு மையில் சுழிக்கலாம். ஒரு பிள்ளை பேசாமல் உட்கார்ந்திருந்தால் எதைச் சுழிப்பது?

பாயும் மின்விசிறியும்

மதியச் சாப்பாட்டுக்குப் பிறகு மூன்றாம் வகுப்பில் இருபது நிமிடம் எனக்கு. பாயை விரித்துப் பிள்ளைகளைப் படுக்க வைத்து, கண்ணை மூடி மெதுவாக மூச்சு விடச் சொல்வேன். மேலே மின்விசிறி சோம்பலாகச் சுற்றும். வேப்பமரத்து நிழல் சுவரில் அசையும். அந்த நேரத்தில் வகுப்பறையே எங்கேயோ மிதந்து போவதுபோல எனக்குத் தோன்றும். பிள்ளைகள் இதற்கு ‘மூச்சு பீரியடு’ என்று பெயர் வைத்துவிட்டார்கள்.

அஞ்சாவது மூச்சுக்குள் பாதிப் பேர் தூங்கிவிடுவார்கள். எல்லாம் பட்டாசுக் கம்பெனி வண்டி பிடிக்க விடியும் முன்னே எழுந்துகொள்ளும் வீடுகள். அப்பா அம்மாவோடு பிள்ளைகளும் எழுந்துவிடும். சத்துணவு சமைக்கும் செல்லத்தாயி அக்கா ஒருநாள் கரண்டியும் கையுமாக வாசலில் நின்று இந்தக் காட்சியைப் பார்த்தார். கரண்டியைப் பாய்ப் பக்கம் நீட்டிக் கேட்டார்: “பிள்ளைகளத் தூங்க வைக்கிறதுக்கா டீச்சர் இம்புட்டுப் படிச்சிட்டு வந்திருக்கீக?”

பிடித்த இடம்

கண்ணை மூடியதும் மனதுக்குப் பிடித்த ஒன்றை நினைக்கச் சொல்ல வேண்டும் என்பது பயிற்சியில் சொல்லிக்கொடுத்த பாடம். கடற்கரை வரும், திருவிழா ராட்டினம் வரும் என்று எதிர்பார்த்துக் கேட்டேன். ஒருத்தர் மாற்றி ஒருத்தர் “மழை” என்றார்கள். எனக்கு உடம்பெல்லாம் புல்லரித்துவிட்டது. கரிசல் மண், கந்தக வெயில், அதில் மழைக்கு ஏங்கும் பிஞ்சு நெஞ்சங்கள் என்று மனதுக்குள் பெரிய கட்டுரையே எழுதிக்கொண்டிருந்தேன்.

பாண்டிச்செல்வி என்ற வாயாடிதான் என்னைத் தரைக்கு இறக்கினாள். பாயில் படுத்தபடியே, கண்ணைக்கூடத் திறக்காமல் சொன்னாள்: “மழை பேஞ்சா வேலை நடக்காதுல்ல டீச்சர். கம்பெனி லீவு. அம்மா வீட்ல இருக்கும்.”

கண் மூடாதவள்

பாண்டிச்செல்விக்குப் பக்கத்துப் பாயில் மகேஸ்வரி. எட்டு வயது, எண்ணெய் வழிய இரட்டைச் சடை. அவள் படுக்கவும் மாட்டாள், கண்ணை மூடவும் மாட்டாள். ஜன்னலோரம் உட்கார்ந்து தெற்கே பார்த்துக்கொண்டிருப்பாள். எழுதும்போதும் அப்படித்தான், இரண்டு எழுத்துக்கு ஒரு தடவை தலை ஜன்னலுக்குத் திரும்பும். கவனம் சிதறுகிறது என்று முடிவு கட்டினேன். உங்களில் பலரும் அப்படித்தான் முடிவு கட்டியிருப்பீர்கள் என்ற தைரியத்தில் இதை எழுதுகிறேன். அவளுடைய பாயை எடுத்து உள்சுவர் ஓரமாகப் போட்டுவிட்டேன்.

மகேஸ்வரி அழவில்லை, சண்டை போடவில்லை. சுவர் பக்கம் போய் உட்கார்ந்து காலைக் கட்டிக்கொண்டாள். பார்த்தீர்களா, பிள்ளை அடங்கிவிட்டது என்று எனக்கு உள்ளூரப் பெருமை. மூன்றாம் நாள் செல்லத்தாயி அக்கா என்னைத் தனியாகக் கூப்பிட்டார்: “அந்தப் பிள்ளை ரெண்டு நாளா சோத்துல கையே வைக்கல. நீங்க என்ன செஞ்சீக?”

ஒரு சத்தம்

அன்று மூச்சு பீரியடின் நடுவே தூரத்தில் ‘தொம்’ என்று ஒரு சத்தம். ஜன்னல் கம்பி லேசாக அதிர்ந்தது. தூங்கிக்கொண்டிருந்த பிள்ளைகள் அத்தனை பேரும் கண்ணைத் திறந்தார்கள். ஒருவரும் கத்தவில்லை. எல்லாத் தலையும் ஒரே நேரத்தில் ஜன்னல் பக்கம் திரும்பியது. இந்தப் பக்கத்துப் பிள்ளைகளுக்கு இதை யாரும் சொல்லிக்கொடுப்பதில்லை. சத்தம் கேட்டால் புகையைத் தேட வேண்டும், புகை எந்தத் திசை என்று பார்க்க வேண்டும், அந்தத் திசையில் யார் வீட்டு ஆள் வேலைக்குப் போயிருக்கிறது என்று நினைக்க வேண்டும். மகேஸ்வரி சுவரோரத்திலிருந்து ஓடிவந்து என் நாற்காலியில் ஏறி நின்று கம்பியைப் பிடித்துக்கொண்டாள்.

புகை வரவில்லை. கல்குவாரியில் வைத்த வெடி என்று தலைமையாசிரியர் விசாரித்து வந்து சொன்னார். அதற்குப் பிறகும் அவள் விரல்கள் கம்பியை விடவில்லை. மெதுவாக ஒவ்வொன்றாகப் பிரித்து எடுத்தேன். ஏன் தாயி கண்ணை மூடவே மாட்டேங்கிற என்று அப்போதுதான் முதல் தடவையாகக் கேட்டேன். எனக்கு வெட்கமாக இருக்கிறது, முதல் நாளே கேட்டிருக்க வேண்டிய கேள்வி அது. அவள் சொன்னாள்: “கண்ண மூடிட்டா, அங்கன புகை வந்தா எனக்கு எப்படித் தெரியும் டீச்சர்?”

வெள்ளி விரல்கள்

ஆள் அனுப்பியதும் மகேஸ்வரியின் அம்மா அரை நாள் லீவு போட்டு வந்தார். விஸ்வநத்தம் பக்கத்தில் ஒரு கம்பெனியில் வேலை. எவ்வளவு தேய்த்துக் கழுவினாலும் போகாத, பட்டாசு மருந்தின் வெள்ளிப் பொடி நகக்கண்ணில் மினுங்கியது. போன வருடம் பக்கத்துக் கம்பெனியில் வெடித்ததிலிருந்து பிள்ளை வீட்டிலும் சரியாகத் தூங்குவதில்லை என்றார். பள்ளிக்கூடத்திலும் இப்படிக் காவல் இருக்கிறாள் என்பது அவருக்கும் புதுச் செய்தி. மகளைப் பக்கத்தில் இழுத்துத் தலையைத் தடவினார்.

அந்த வேலைக்குப் போகாதீர்கள் என்று சொல்ல நான் யார்? பயமில்லை என்று பிள்ளையிடம் பொய் சொல்லவும் நாக்கு எழவில்லை. அம்மாவே மகளிடம் சொன்னார்: “செருப்பக் கழட்டிப் போட்டுட்டு, உடம்புல இருக்க கரண்டு எறங்கச் செம்புத் தகட்டத் தொட்டுட்டுத்தான் ரூமுக்குள்ள காலு வைப்பேன். நான் பாத்துத்தான் வேலை செய்வேன் தாயி, நீ சாப்பிடு.”

காவல் முறை

மறுநாள் பாயை ஜன்னலோரமே திரும்பப் போட்டேன். மகேஸ்வரி சாப்பிட்டாள், ஆனால் கண்ணை மட்டும் மூடவில்லை. “நான் பாக்குறேன், நீ மூடு” என்றாள் பாண்டிச்செல்வி. உனக்கு இடம் தெரியாது என்று மகேஸ்வரி அவளைத் தள்ளிவிட்டாள். சரி, எனக்குக் காட்டு என்றேன். என்னை ஜன்னலில் நிறுத்திப் பாடம் நடத்தினாள். தண்ணித் தொட்டிக்கு இடது பக்கம் இரண்டு பனை. இரண்டுக்கும் நடுவில்தான் அம்மா கம்பெனி. வலது பக்கம் தெரியும் புகை செங்கல் சூளை, அதற்குப் பயப்படக் கூடாது. பிறகு என்னிடம் கேள்வி கேட்டாள். இரண்டாவது தடவைதான் பாஸானேன்.

அதன் பிறகே படுத்தாள். ஒரு கண்ணை மூடினாள், இன்னொன்றால் நான் பார்க்கிறேனா என்று பார்த்தாள், பிறகு அதையும் மூடினாள். பனை இரண்டும் வெயிலில் அலை அலையாக நெளிந்தன. கால் கடுத்தது, திரும்பவில்லை. முதுகுக்குப் பின்னால் அவள் மூச்சு சீராவது கேட்டது. எனக்குக் கண் கலங்கிவிட்டது, ஆனாலும் துடைத்துக்கொண்டு பார்த்தேன். மணி அடித்தும் அவள் எழவில்லை, நானும் ஜன்னலை விட்டு நகரவில்லை. அடுத்த பாடம் பாதி நடக்கும்போதுதான் கண் விழித்து, என்னைத் தேடி, தூக்கம் கலையாத குரலில் சொன்னாள்: “மழை பேஞ்சுச்சு டீச்சர். எங்க அம்மா கம்பெனியில, நல்ல மழை.”

பிள்ளைகளைக் கண் மூட வைக்கும் வேலைக்கு வந்தவள் இப்போது தினமும் இருபது நிமிடம் இரண்டு பனைமரங்களுக்கு நடுவே கண் இமைக்காமல் பார்த்துக்கொண்டு நிற்கிறேன், மாதாந்திர அறிக்கையில் இதை எந்தக் கட்டத்தில் எழுதுவது என்பதுதான் இன்னும் விளங்கவில்லை.